பாட்டி சேலையும் பசை டப்பாவும்: துணி ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய கைலி, மெழுகால் கோடிட்டுச் சாயம் தோய்த்த பாத்திக் துணி, அரிசிச் சாக்கு என்று கை நிறைய அள்ளிக்கொண்டு வீடு திரும்பும்போது, அவற்றை ஒட்டிச் செய்யப்போகும் ஓவியம் பாதி முடிந்துவிட்டதாகவே தோன்றும். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. துணியின் அழகு நெய்தவரின் கைவண்ணம். நம் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அம்மாவின் கல்யாணச் சேலையில் ஒரு துண்டை நடுவில் ஒட்டி, சுற்றிலும் சாயம் பூசிக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாருடைய சேலை என்று சொன்னால் நமக்கும் கண் கலங்கும். சொல்லாமல் விட்டால் நடுவில் ஒரு சரிகைக் கரை நிற்கும், மீதி இடம் சும்மா கிடக்கும். உருவங்களை வரையாமல் நிறமும் வடிவமுமே பேசும் அரூப ஓவியத்தில் இந்தக் கண்ணீர் செல்லாது. படத்தைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சேலை என்பது மறந்து, கனமான ஒரு சிவப்புப் பட்டையாக அது மற்ற நிறங்களோடு மல்லுக்கட்டினால் சரி. இல்லையென்றால் கத்தரிக்கோலை எடுங்கள். வெட்ட மனம் வராத துணி பீரோவிலேயே இருக்கட்டும்.

இத்தாலியரான ஆல்பெர்த்தோ புர்ரி ஒரு மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு, டெக்சாஸ் கைதி முகாமில் இருந்தபோது வரையத் தொடங்கினார். 1950களில் பழைய சாக்குகளைக் கிழித்து, ஒட்டுப்போட்டு, தைத்து ஓவியமாக்கினார். அந்தத் தையல்களைக் காயம் என்று படித்தவர்கள் உண்டு; அவரோ விளக்கம் சொல்ல விரும்பியதில்லை. பினாங்கிலேயே சுவா தியன் தெங் பாத்திக் முறையில் ஓவியம் தீட்டினார். கடையில் வாங்கிய பூ வடிவத்தை ஒட்டவில்லை, மெழுகுக் கோட்டைத் தாமே இழுத்தார். பாத்திக் துண்டை ஒட்டுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. அதில் மெழுகு மிச்சமிருந்தால், நீர் கலந்து பூசும் அக்ரிலிக் சாயம் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

மஞ்சளில் நான் சூடுபட்டவன். மஞ்சள் தோய்த்த வேட்டித் துண்டின்மேல் அக்ரிலிக் அடிப்பூச்சு பூசினேன். தூரிகை பட்ட இடமெல்லாம் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். அக்ரிலிக் பூச்சிலும் காரத்தன்மை உண்டு. அது தப்பினாலும் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது, மெல்ல வெளிறிவிடும். அந்த நிறம் வேண்டுமென்றால் சாயக் குழாயிலிருந்து எடுங்கள். மற்ற துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் படத்திலும் கசியும்.

பருத்தியில் எண்ணெய்ச் சாயத்தை நேரடியாகப் பூசுவதும் தவறு. ஆளிவிதை எண்ணெய் நூலை நாளடைவில் மொறுமொறுவென்று ஆக்கிவிடும். முதலில் அடிப்பூச்சு, பிறகு எண்ணெய். எண்ணெய்ச் சாயத்தின்மேல் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், உரிந்து வரும்.

பட்டு தனி ரகம். பல வருடம் மடித்தே வைத்த சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடிப்புக் கோட்டில் ஊசித் துளைகளாக ஒளி தெரியும். அங்கே இழை இற்றுவிட்டது, லேசாக இழுத்தாலும் கிழியும். பலர் அந்தக் கோட்டை மறைக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தத் துணியில் பிடித்ததே அதுதான். பின்னால் மெல்லிய பருத்தியை வைத்துத் தைத்துவிட்டால் கோடும் தெரியும், துணியும் தாங்கும்.

கனமான சாக்கையும் தைப்பதே மேல். பசையை மட்டும் நம்பினால் தொங்கிவிடும். சோற்றுக் கஞ்சிப் பசை மலிவுதான், ஆனால் கரப்பானுக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. பினாங்கின் ஈரக்காற்றைச் சொல்லவே வேண்டாம். பழைய கடைவீட்டுச் சுவர்கள் தரையிலிருந்தே ஈரத்தை உறிஞ்சுபவை. படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டி, ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.