வகுப்புக்கு முன்பே ‘ஆர்’ நிறுவிக்கொள்வது எப்படி?

புள்ளியியல் வகுப்பின் முதல் நாளில், பாடத்தை விட்டுவிட்டு ஆசிரியர் ஒவ்வொரு மடிக்கணினியாக ‘ஆர்’ (R) என்ற கணக்கிடும் மென்பொருளை நிறுவிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ எருத்தேம்பதியிலோ பஸ் ஏறி, எல்லை தாண்டிக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ படிக்கப் போகிறவர்களுக்கு அப்படிப் போகும் அரை நாள் பெரிய நட்டம். ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே வீட்டில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். எல்லாம் சேர்த்துச் சில நூறு எம்பி இறக்க வேண்டியிருக்கும் என்பதால், மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் அன்றைய மீதியை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

நிறுவ வேண்டியவை இரண்டு. ஆர் என்பது கணக்குப் போடும் மொழி. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது, முழுக்க இலவசம். ஆர்ஸ்டுடியோ அந்த மொழியில் எழுத வசதியான மேசை மட்டுமே. அதனால் ஆரை வழங்கும் கிரான் (CRAN) இணையதளத்திலிருந்து ஆரை முதலில் நிறுவிவிட்டு, அதன் பிறகு போசிட் நிறுவனத்தின் தளத்தில் ஆர்ஸ்டுடியோ டெஸ்க்டாப்பின் இலவசப் பதிப்பை எடுங்கள். (2022 வரை அந்த நிறுவனத்தின் பெயரும் ஆர்ஸ்டுடியோதான்.) விண்டோஸில் நிர்வாகி கடவுச்சொல் இல்லாதவர்களும் தங்கள் கணக்குக்குள் ஆரை நிறுவிக்கொள்ளலாம்.

கணினியில் ஏற்கெனவே ஆர் இருந்தால் அதன் பதிப்பைப் பாருங்கள், 4.2க்கு முந்தையது என்றால் தயங்காமல் புதியதை நிறுவுங்கள். நம் பக்கத்துத் தரவில் ஊர்ப்பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் கலந்து வரும். விண்டோஸில் பழைய ஆர் அவற்றைக் கோண அடைப்புக்குள் குறியீட்டு எண்களாகக் காட்டிவிடும். 2022இல் வந்த 4.2 முதல், எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யுடிஎஃப்-8 (UTF-8) முறை புதிய விண்டோஸில் இயல்பாகவே இயங்குகிறது. எக்செல்லில் தரவைச் சேமிக்கும்போதும் வெறும் சிஎஸ்வி (CSV) கோப்பு வகையை விட்டு, ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்புறையின் பெயரை மட்டும் இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வது தலைவலியைக் குறைக்கும்.

இனிச் சோதனை. ஆர்ஸ்டுடியோவைத் திறந்து, கட்டளை அடிக்கும் பலகையான கன்சோலில் > குறிக்குப் பக்கத்தில் 7/2 என்று அடித்து என்டர் தட்டினால் [1] 3.5 என்று வரும். அந்த [1] விடையின் பகுதியல்ல. அந்த வரியில் முதலில் இருப்பது எத்தனையாவது எண் என்பதற்கான அடையாளம். 1 முதல் 40 வரை எண்களைக் காட்டும் 1:40 என்பதை அடித்துப் பாருங்கள், அடுத்த வரிகளின் தொடக்கத்தில் வேறு எண் நிற்கும். 7/ என்று பாதியில் நிறுத்தி என்டர் தட்டினால் > மறைந்து + வரும். ஆர் தொங்கிவிட்டது என்று பயந்து கணினியை அணைத்தவர்களும் உண்டு. மிச்சத்தை எழுதும்படி அது காத்திருக்கிறது, அவ்வளவுதான். எஸ்கேப் விசையை அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கடைசியாக, ஆசிரியர் சொன்ன பேக்கேஜ்களை, அதாவது ஆரோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்புகளை, ‘பேக்கேஜஸ்’ பலகையில் உள்ள ‘இன்ஸ்டால்’ பொத்தான் வழியாக இறக்குங்கள். டைடிவர்ஸ் (tidyverse) என்ற பேக்கேஜைக் கேட்டிருந்தால் அது தன்னோடு பல பத்துப் பேக்கேஜ்களை இழுத்து வரும் என்பதால் பொறுமை வேண்டும். மூலநிரலிலிருந்து தொகுக்கட்டுமா என்று நடுவில் கேட்டால் ‘நோ’ என்று சொல்லிவிடுங்கள். நிறுவுவது ஒருமுறைதான், ஆனால் ஆரைத் திறக்கும்போதெல்லாம் பேக்கேஜை மறுபடி அழைக்க வேண்டும். சிவப்பு எழுத்து எல்லாமே பிழையல்ல. ‘எரர்’ என்ற சொல் இருந்தால் மட்டும் அந்த வரியைப் படமெடுத்து வகுப்புக்கு முந்தின நாளே ஆசிரியருக்கு அனுப்புங்கள்.