பி.ஏ. தத்துவம்: முதல் வருடத்திலேயே விட வேண்டிய பழக்கங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் தத்துவம் படிக்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டியிருக்கிறது. "இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்று வீட்டில் கேட்பதையும் தாண்டிச் சேர்கிறவர்கள், படிக்கும் முறை தெரியாமல் பாதியில் சோர்ந்துபோவது வருத்தமான விஷயம்.

முதல் தவறு, முடிவை மட்டும் மனப்பாடம் செய்வது. "நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்று பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்தே (Descartes) சொன்னதை எழுதிவிட்டால் பதில் முடிந்துவிடாது. புலன்கள் சில நேரம் ஏமாற்றுகின்றன. விழிப்பில் இருக்கும் அதே நிச்சயம் கனவிலும் இருக்கிறது. வல்லமையுள்ள ஒரு வஞ்சகன் எல்லாவற்றிலும் நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். சரி, ஏமாறுவதற்காவது நான் இருந்தாக வேண்டுமே! 1641-இல் வந்த 'தியானங்கள்' நூலில் இந்தப் படிகளைத்தான் அவர் ஏறுகிறார். கேள்வித்தாள் கேட்பதும் இந்தப் படிகளைத்தான். கைடு புத்தகத்தில் கடைசிப் படி மட்டுமே இருக்கும். முதல் இரண்டு தியானங்கள் சில பக்கங்கள்தான், மூலத்தையே படித்துவிடலாம்.

அடுத்தது, அவசரமாக மறுப்பது. "கிள்ளிப் பார்த்தால் கனவா இல்லையா என்று தெரிந்துவிடுமே" என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். கிள்ளுவதும் கனவுக்குள்ளேயே நடக்கலாமே! எதிராளி வாதத்தை அவர் ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக் காட்டிய பிறகுதான் மறுக்க வேண்டும்.

தர்க்கம் மேற்கத்தியச் சரக்கு, நம்மிடம் இருப்பது பக்தியும் அறமும்தான் என்று நினைப்பது எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. மணிமேகலையின் 29-ஆம் காதையைத் திறந்து பாருங்கள். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), புகை இருப்பதால் என்பது ஏது (காரணம்), அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம் (உதாரணம்). வாதம் எங்கெல்லாம் பழுதாகும் என்றும் அங்கேயே பட்டியல் இருக்கிறது. தெரிவது புகைதானா, ஆவியா, பனியா என்று சந்தேகம் இருக்கும்போதே நெருப்பு உண்டு என்று முடிவுகட்டுவதும் அதில் ஒரு குற்றம். விடியற்காலைப் பனியில் எங்கள் தருமபுரிப் பக்கத்து வத்தல்மலையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள்: புகையிருந்தால் நெருப்பு உண்டு. அதனால் நெருப்பிருந்தால் புகை உண்டு என்று சொல்லலாமா? கூடாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை என்று நம் தர்க்க நூல்கள் காட்டுகின்றன. இந்த ஒரு உதாரணத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால் தர்க்கவியல் தாளில் பாதி பயம் போய்விடும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கில வரிகளை அப்படியே நெட்டுரு போடுகிறார்கள். வாதத்தை முதலில் தமிழில் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பாடத்திட்டம் சிறியது என்று யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் விருப்பப்பாடக் கணக்கை மட்டும் போட்டு இந்தப் பட்டப்படிப்பில் சேராதீர்கள். எந்தப் பட்டம் பெற்றவரும் அந்தப் பாடத்தை அங்கே எடுக்கலாம்.

கட்டுரையில் "இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு" என்று முடிப்பதையும் விட்டுவிடுங்கள். யார் பக்கம், ஏன் என்று எழுதுங்கள். உங்கள் நிலைக்கு எதிராக வரக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்றையும் நீங்களே எழுப்பிப் பதில் சொல்லுங்கள்.