‘லேயர் 14 காப்பி 3’ யார்? ஃபோட்டோஷாப்பில் லேயர்களை அடுக்கி வைக்கும் முறை

திருத்தம் வராத கல்யாண பேனரை நான் இன்னும் பார்க்கவில்லை. தாய்மாமன் பெயரில் இனிஷியல் விட்டுப்போயிருக்கும். சித்தப்பாவின் படிப்பைப் போட மறந்திருப்போம். டிசைன் வேலைக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம், காலை 9 முதல் 10.30 வரை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் 10.30 முதல் 12 வரை என்று அடித்து வைத்திருந்தேன். அது வெள்ளிக்கிழமையின் ராகுகாலம். பெண்ணின் பெரியப்பா போனில் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

ஃபைலைத் திறந்தால் தொண்ணூறுக்கு மேற்பட்ட லேயர்கள், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகள். ‘லேயர் 14’, ‘லேயர் 14 காப்பி’, ‘லேயர் 14 காப்பி 3’. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது, நேரம் எழுதிய லேயர் என்று ஒன்று இல்லவே இல்லை. ஃபைல் கனக்கிறது என்று நானே கன்ட்ரோல் + இ அழுத்தி, எழுத்தையும் சிவப்புப் பின்னணியையும் ஒன்றாக ஒட்டியிருந்தேன். பழைய எழுத்தின் மேல் சிவப்பைப் பூசி, மினுமினுப்பை ஒட்டுப்போட்டு முடிக்கும்போது மணி ஒன்று.

ஃபோட்டோஷாப்பில் லேயர் வசதி 1994-இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்துத் தேர்வை விட்டால் அடியில் இருந்தது போனதுதான். அவ்வளவு பெரிய வசதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் 1993-க்குத் திரும்பிப் போயிருந்தேன். நீங்கள் போகாமல் இருக்க, ஒரு கல்யாண பேனரை வைத்தே செய்து பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் விசைகள். மேக்கில் கன்ட்ரோலுக்குக் கமாண்ட், ஆல்ட்டுக்கு ஆப்ஷன்.

1. முதலில் பேனலைச் சரிசெய்யுங்கள்

லேயர்களைப் பட்டியலாகக் காட்டும் லேயர் பேனல் தெரியவில்லை என்றால் எஃப்7 விசை. பேனலின் வலது மேல் மூலையில் உள்ள சிறு கோடுகளைச் சொடுக்கி ‘பேனல் ஆப்ஷன்ஸ்’ போங்கள். அங்கே இரண்டு மாற்றங்கள் போதும். லேயர் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் சிறுபடத்தை ‘லேயர் பவுண்ட்ஸ்’ என்று வையுங்கள். பேனரின் மூலையில் இருக்கும் குத்துவிளக்கு, கடுகளவு புள்ளியாகத் தெரியாமல் சிறுபடம் முழுக்க நிறைந்து தெரியும். அடுத்து, நகலெடுக்கும் லேயர்களின் பெயரில் ‘காப்பி’ என்று சேர்க்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பேனலின் பாதி இரைச்சல் இதிலேயே அடங்கிவிடும்.

2. பெயர்

லேயரின் பெயர்மேல் இருமுறை சொடுக்கினால் மாற்றலாம். பெயரை அடித்து முடித்ததும் என்டர் தட்டாமல் டேப் தட்டுங்கள். அடுத்த லேயரின் பெயர் திறந்துகொள்ளும். இருபது லேயர்களுக்குச் சுட்டியைத் தொடாமலே பெயர் வைத்துவிடலாம்.

எழுத்து லேயர்களுக்கு ஃபோட்டோஷாப் தானே பெயர் வைக்கும். நீங்கள் அடித்த வாசகம்தான் பெயர். யுனிகோடில் அடித்தால் சிக்கல் இல்லை. ஆனால் நம் டிடிபி கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய ஃபாண்ட்கள் ஓடுகின்றன. அவற்றில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். பாமினியில் ‘திருமணம்’ என்று அடித்துவிட்டு லேயர் பேனலைப் பாருங்கள்: ஜே, பி, யு, கே, இசட், கே, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். மணமகன் பெயர் எது, மண்டபத்தின் பெயர் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய ஃபாண்டில் அடிப்பவர்கள் எழுத்து லேயர்களுக்குக் கண்டிப்பாகக் கையால் பெயர் வைக்க வேண்டும். ஒருமுறை கையால் வைத்துவிட்டால், வாசகத்தைத் திருத்தினாலும் பெயர் மாறாது.

என்ன பெயர் வைப்பது? போனில் வாடிக்கையாளர் எந்தச் சொல்லைச் சொல்வாரோ அந்தச் சொல். ‘முகூர்த்த நேரம்’, ‘மண்டபம்’, ‘மாமா படம்’. ‘டெக்ஸ்ட் நியூ ஃபைனல்’ என்று யாரும் போனில் சொல்லமாட்டார்கள்.

3. க்ரூப்

சேர வேண்டிய லேயர்களை கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + ஜி. பிரிக்க வேண்டுமானால் கன்ட்ரோல் + ஷிப்ட் + ஜி. கல்யாண பேனருக்கு எனக்கு ஐந்து க்ரூப்கள் போதும். மேலிருந்து கீழாக: பிள்ளையாரும் மேல் வரியும், மணமக்கள் பெயர், நாள்-நேரம்-இடம், அழைப்பவர்கள், அலங்காரம். எல்லாவற்றுக்கும் அடியில் பின்னணி. க்ரூப்புக்குள் க்ரூப், அதற்குள் இன்னொன்று என்று போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு அடுக்குக்கு மேல் போனால் தேடுவதே தனி வேலையாகிவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் உள் க்ரூப் அவசியம். பேனரின் கீழ்வரிசையில் வட்டம் வட்டமாக உறவினர் படங்கள் வரும் அல்லவா? ஒவ்வொன்றும் இரண்டு லேயர்கள்: அடியில் வட்டம், மேலே படம், இரண்டையும் இணைத்துப் படத்தை வட்டத்துக்குள் மட்டும் காட்டும் க்ளிப்பிங் மாஸ்க். படத்துக்கும் வட்டத்துக்கும் இடையிலுள்ள கோட்டில் ஆல்ட்டை அழுத்திச் சொடுக்கினால் மாஸ்க் ஆகிவிடும். பன்னிரண்டு உறவினர்கள் என்றால் இருபத்து நான்கு லேயர்கள். இவற்றை வெறுமனே அடுக்கி வைத்தால், வேறு ஏதோ ஒரு லேயரை மேலும் கீழும் இழுக்கும்போது அது தவறி வட்டத்துக்கும் படத்துக்கும் நடுவில் விழும். விழுந்தால் அதுவும் வட்டத்துக்குள் சிக்கிக்கொள்ளும். மண்டபத்தின் பெயர் திடீரென்று காணாமல் போய், அத்தையின் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆளுக்கொரு சிறு க்ரூப், அதற்கு அவருடைய உறவுமுறையே பெயர். படம் மாற்றச் சொன்னால் நேராக அங்கே போகலாம்.

4. தேடிப் போவது

பேனலை உருட்டி உருட்டித் தேடுவது மிக மெதுவான வழி. மூவ் கருவியை எடுத்துக்கொண்டு, பேனரில் வேண்டிய இடத்தின் மேல் வலது சொடுக்குப் போடுங்கள். அந்த இடத்தில் இருக்கும் லேயர்களின் பெயர்கள் மட்டும் பட்டியலாக வரும். வேண்டியதைத் தொட்டால் அது தேர்வாகும். இரண்டாம் படியில் பெயர் வைத்த உழைப்புக்கு இங்கேதான் கூலி.

மேல்பட்டையில் ‘ஆட்டோ செலக்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் அதை அணைத்து வைப்பதே நல்லது என்பது என் கட்சி. அது ஓடிக்கொண்டிருந்தால், பெயரை நகர்த்தப் போய் பின்னணியை இழுத்துவிடுவீர்கள். அணைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு படத்தின் மேல் சொடுக்குங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் லேயரைத் தேடித் தரும்.

ஒரு லேயரை மட்டும் தனியாகப் பார்க்க, அதன் கண் சின்னத்தின் மேல் ஆல்ட் + சொடுக்கு. மற்றவை எல்லாம் மறையும். இன்னொரு முறை செய்தால் திரும்பி வரும். நடுவில் வேறு கண்களைத் தொடாதீர்கள். தொட்டால் எது மறைந்திருந்தது, எது தெரிந்தது என்ற பழைய கணக்கு கலைந்துவிடும்.

ஆல்ட் + இடது சதுர அடைப்புக்குறி கீழே உள்ள லேயருக்கும், ஆல்ட் + வலது சதுர அடைப்புக்குறி மேலே உள்ள லேயருக்கும் தேர்வைக் கொண்டுபோகும். அதே குறிகளை கன்ட்ரோலோடு அழுத்தினால் லேயரே இடம் மாறும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. கன்ட்ரோல் + இசட் இருக்கவே இருக்கிறது.

பேனலின் தலைப்பில் சின்னச் சின்னப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ‘டி’ எழுத்தைத் தட்டினால் எழுத்து லேயர்கள் மட்டும் தெரியும். அழைப்பவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. பார்த்து முடித்ததும், அந்த வரிசையின் வலது கோடியில் உள்ள சிவப்பு விசையை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்துவிட்டு, “அண்ணா, என் லேயர் எல்லாம் போய்விட்டது” என்று முகம் வெளிறி வந்து நின்ற தம்பிகள் எங்கள் கடையில் உண்டு.

5. நிறமும் பூட்டும்

கண் சின்னத்தின் மேல் வலது சொடுக்குப் போட்டால் நிறங்கள் வரும். பலர் அலங்காரத்துக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம் என்று வைப்பார்கள். க்ரூப் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது, நிறம் எதற்கு? நான் ப்ரூஃப் பார்ப்பதற்கு மட்டும் நிறத்தை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் இன்னும் சரிபார்க்காத எழுத்து சிவப்பு. சரி என்று சொன்னது பச்சை. பச்சையானதும் பேனலில் உள்ள பூட்டுச் சின்னத்தையும் தட்டிவிடுவேன்.

6. ஒரே ஃபைலில் இரண்டு வீடு

மாப்பிள்ளை வீட்டார் பேனரில் ஒரு அழைப்பவர் பட்டியல், பெண் வீட்டார் பேனரில் வேறு பட்டியல். மற்றதெல்லாம் ஒன்றுதான். இதற்காக ஃபைலை இரண்டாக்கினால் நேரத் திருத்தத்தை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், ஒன்றில் நிச்சயம் மறப்போம். அதற்குப் பதில் இரண்டு பட்டியலையும் தனித்தனி க்ரூப்பாக ஒரே ஃபைலில் வையுங்கள். விண்டோ மெனுவில் ‘லேயர் காம்ப்ஸ்’ திறந்து, பெண் வீட்டுக் க்ரூப்பை மறைத்த நிலையில் ஒரு காம்ப், மாப்பிள்ளை வீட்டுக் க்ரூப்பை மறைத்த நிலையில் இன்னொரு காம்ப் சேமியுங்கள். எந்த லேயர் தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு சொடுக்கில் வீடு மாறும்.

7. அச்சுக்கு அனுப்பும்போது

ஃபைல் மெனுவில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்பதற்குள் காலி லேயர்களை மொத்தமாக நீக்கும் கட்டளை இருக்கிறது. ஓட்டிவிட்டு, லேயர்களோடு சேமிக்கும் ஃபோட்டோஷாப் வடிவமான பிஎஸ்டியாக (PSD) சேமியுங்கள். பிஎஸ்டி ஃபைல் 2 ஜிபி வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் லேயர்களை ஒட்டித் தொலைக்காமல், பெரிய ஃபைல்களுக்கான பிஎஸ்பி (PSB) வடிவத்தில் சேமிக்கலாம். பிறகு இமேஜ் மெனுவில் ‘டூப்ளிகேட்’ கொடுத்து, அந்த நகலில் மட்டும் லேயர்களை ஒட்டி, டிஃப் அல்லது ஜேபெக் ஆக்குங்கள். ஒட்டிய நகலை முழு அளவில் திறந்து, நாள், கிழமை, நேரம் மூன்றையும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ராகுகாலம் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும்.