பள்ளியில் பிள்ளைக்காகப் பேசப் போகிறீர்களா?

போன வாரம் ஒரு அம்மா போன் செய்தார். மகன் ஏழாம் வகுப்பு, டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு). "கிளாஸ் டீச்சர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்க்கா, பார்த்துக்கிறேன்னு சொன்னாங்க." எனக்குப் பகீர் என்றது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளியில் போய்க் கத்தாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்கிற தவறுகள் இவை.

வாயால் மட்டும் சொல்வது

என் மகனுக்கும் இதே குறைபாடுதான். அவன் ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் புது டீச்சரிடம் கதையை முதலிலிருந்து சொன்னேன். எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருவர் வேலையை விட்டுப் போனார், ஒருவர் பிரசவ விடுப்பில் போனார், அப்புறம் ஹெச்.எம்மும் மாறினார். பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்து பொதுத்தேர்வுச் சலுகை பற்றிக் கேட்டால், "எங்ககிட்ட எந்தப் பதிவும் இல்லையே மேடம்" என்றார்கள். விண்ணப்பம் அனுப்பும் தேதியும் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆள் உண்டு. இரண்டும் இல்லாமல் எழுதினான். சமூக அறிவியலில் கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டுக்கும் பதிலை மடமடவென்று சொன்னான். இன்றைக்கும் எரிகிறது, பள்ளி மேல் பாதி, என் மேல் பாதி.

ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஹெச்.எம்மின் பெயருக்கு வேண்டாம், 'தலைமை ஆசிரியர்' என்று பதவிக்கு எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இல் கற்றல் குறைபாடும் அடங்கும் என்று ஒரு வரி சேருங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழின் நகல் போதும், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மாதத் தேர்விலிருந்தே கூடுதல் நேரம், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். உங்கள் பிரதியில் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை வேண்டும். "எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள், வாங்காமல் வராதீர்கள்.

'பத்தாவதில் பார்த்துக்கலாம்'

முடியாது. சான்றிதழ் வேலையை ஒன்பதிலேயே முடியுங்கள்.

எடுத்ததும் சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்

முதலில் ஹெச்.எம். பதில் வராவிட்டால்தான் மேலே போக வேண்டும், அப்போதும் அந்த முத்திரை வைத்த பிரதிதான் பேசும். பள்ளியில் பிள்ளைக்கு அடி விழுந்தால் மட்டும் இந்த வரிசையெல்லாம் கிடையாது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே கூப்பிடலாம்.

பிள்ளையைக் கேட்காமல் கேட்பது

போராடி முன் பெஞ்ச் வாங்கிக் கொடுத்தேன். அவன் கூட்டாளி பின் பெஞ்சில் இருந்தானாம். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.