சிறுவயதுக் கிறிஸ்துமஸ் நினைவுகளை எழுதிவைப்பது எப்படி

சிறுவயதில் வீட்டில் கொண்டாடிய கிறிஸ்துமஸை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் “ஒவ்வோர் ஆண்டும்” என்றே தொடங்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் குடில் அமைத்தோம், நட்சத்திரம் கட்டினோம், புத்தாடை உடுத்தி நள்ளிரவு வழிபாட்டுக்குப் போனோம் என்று அரைப்பக்கம் ஓடும் எழுத்து, அதற்குமேல் நகராமல் நின்றுவிடும். நினைவு இல்லாததால் இப்படி ஆவதில்லை. திரும்பத் திரும்ப நடக்கும் நிகழ்வுகளை மனம் தனித்தனியாக வைத்துக்கொள்ளாமல், “வழக்கமாக இப்படித்தான் நடக்கும்” என்ற ஒரே வரைவாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறது என்பதைக் குழந்தைகளின் நினைவை ஆராய்ந்த உளவியலாளர் காத்தரின் நெல்சன் காட்டியிருக்கிறார். பத்துப் பதினைந்து கிறிஸ்துமஸ்கள் இவ்வாறு ஒரே கிறிஸ்துமஸாகிவிடுகின்றன. அவற்றை மீண்டும் ஆண்டு ஆண்டாகப் பிரித்தெடுப்பதே இந்த வேலையின் சாரம். அதற்கு வழக்கம் மாறிப்போன ஆண்டுகளைத் தேட வேண்டும்.

வீட்டில் யாரிடமும் பேசுவதற்கு முன், உங்களுக்கு நினைவிருப்பதை முதலில் தனியாக உட்கார்ந்து எழுதி, நாளையும் குறித்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை, குடும்பத்தினர் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தபோது, பங்கேற்ற 24 பேரில் 6 பேர் அதை முழுமையாகவோ ஓரளவோ தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். அக்கா சொல்வதை முதலில் கேட்டுவிட்டால், எது உங்கள் நினைவு, எது அவருடையது என்று பிறகு பிரிக்க முடியாது. பெரியவர்களான பின் எட்டிப்பிடிக்க முடிகிற மிகப் பழைய நினைவு பொதுவாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்ததாகவே இருக்கிறது. ஆகவே இரண்டு வயதில் கண்டதாகத் தோன்றும் கிறிஸ்துமஸ் காட்சி, பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டதாகவோ புகைப்படத்தில் பார்த்ததாகவோ இருக்கும். அதையும் எழுதலாம், ஆனால் ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் “கண்டது”, “கேட்டது”, “படத்தில் பார்த்தது” என்று ஏதேனும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியாக எழுதும்போது நிகழ்ச்சியைவிட இடத்தைப் பிடித்துக்கொள்வது எளிது. அந்த வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரையுங்கள், அழகு தேவையில்லை. குடில் எந்த மூலையில் இருந்தது, நட்சத்திரத்துக்கு மின்சாரம் எங்கிருந்து இழுத்தார்கள், உறவினர் வந்து தங்கிய இரவுகளில் யார் எங்கே படுத்தார்கள், உங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் என்ன இருந்தது என்று ஒவ்வோர் அறையாக நகருங்கள். பழைய அலங்காரப் பெட்டி இன்னும் இருந்தால், உடன்பிறந்தவர்களோடு பேசுவதற்கு முன்பே அதைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மற்றப் புலன்களின் செய்தி தாலமஸ் என்னும் பகுதியைக் கடந்தே மேலே செல்ல, வாசனை மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளை அவ்வாறு சுற்றாமல் சென்றடைகிறது. மெழுகும் பழைய வண்ணக் காகிதமும், எந்தக் கேள்வியும் எழுப்பாத ஒன்றை எழுப்பிவிடக்கூடும்.

அதன்பின் பெரியவர்களிடம் செல்லுங்கள். “அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும்?” என்று கேட்டால், வழக்கத்தின் அதே வரைவைத்தான் அவர்களும் தருவார்கள். “எந்த வருஷம் வழக்கம்போல நடக்கவில்லை?” என்று கேளுங்கள். வீடு மாறிய ஆண்டு, யாரோ மருத்துவமனையில் இருந்த ஆண்டு, அப்பா தொலைவில் வேலையில் இருந்து வர முடியாமல் போன ஆண்டு, கைக்குழந்தை இருந்ததால் அம்மா வழிபாட்டுக்குப் போகாத ஆண்டு, துக்க வீடானதால் நட்சத்திரம் கட்டாத ஆண்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். ஒவ்வொன்றும் அதற்கு முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளையும் தெளிவாக்கும். குழந்தையின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பையும் தவறாமல் கேட்க வேண்டும்: இரவு யார் விழித்திருந்தார்கள், பணத்தை எப்படிச் சேர்த்தார்கள், யாருக்குப் புத்தாடை எடுக்காமல் விட்டார்கள். என் எண்ணத்தில், இந்தப் பதிவிலேயே மிகவும் விலைமதிப்புள்ள பகுதி இதுதான். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

முதியவர்களுக்குப் பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகளே மற்றக் காலத்தைவிட அதிகமாக நிலைத்திருக்கும். ஆகையால், நீங்கள் சிறுவராக இருந்தபோது பதின்வயதில் இருந்த சித்தப்பாவோ அத்தையோ நல்ல சாட்சிகளாக இருப்பார்கள். பாட்டியிடம் உங்கள் சிறுவயதைப் பற்றி மட்டும் கேட்காமல், அவர் இளம் தாயாக நடத்திய முதல் கிறிஸ்துமஸைப் பற்றியும் கேளுங்கள். அலைபேசியை அழைப்பு வராதபடி வைத்து, அனுமதி பெற்று, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசிப் பதிவு செய்யுங்கள். எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பேசுபவர் கலங்கினால், பதிவை நிறுத்திவிட்டு உடன் இருங்கள்.

ஆண்டைக் கண்டுபிடிக்க நாட்காட்டி பெரிதும் கைகொடுக்கும். டிசம்பர் 25 ஆண்டுக்கு ஒரு கிழமை முன்னே நகரும். லீப் ஆண்டில் இரண்டு கிழமை நகரும். 1983-இல் ஞாயிறாக இருந்தது, 1984-இல் செவ்வாயாயிற்று. “அந்த வருஷம் கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமையில் வந்தது” என்று அம்மா சொன்னால், 1977 முதல் 2011 வரையிலான காலத்தில் 1977, 1983, 1988, 1994, 2005, 2011 ஆகியவற்றில் ஒன்றைத்தான் அவர் சொல்கிறார். தம்பி பிறந்திருந்தானா இல்லையா என்று கேட்டால் அதுவும் தீர்ந்துவிடும். முழுநிலவில் நடந்து போனதாக ஒருவர் நினைவுகூர்ந்தால், 1977-இலும் 2015-இலும் பௌர்ணமி டிசம்பர் 25 அன்றே வந்தது என்பதை வைத்துச் சரிபார்க்கலாம். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் திருச்சபைகளின் குடும்பங்களுக்கு விழா ஜனவரி 7-இல் வருவதால், கணக்கை அந்த நாளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டின் ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு, அதையும் தேடுங்கள். துறவி அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் இயேசுவின் பிறப்புக் காட்சியை அமைத்தார். ஜெர்மானிய இறையியலாளர் யோகான் ஹின்ரிக் விக்கர்ன் 1839-இல் ஹாம்பர்க்கில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கான மெழுகுவத்தி வளையத்தை ஏற்படுத்தினார். லண்டனில் ஹென்றி கோல் 1843-இல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட வைத்தார். உலகமே கொண்டாடும் வழக்கங்களுக்கே ஆளும் ஆண்டும் இருக்கும்போது, உங்கள் வீட்டில் பரிசுகளைப் பிரிப்பதற்கு முன் கடைக்குட்டி ஜெபிக்க வேண்டும் என்பதை யார், எப்போது தொடங்கிவைத்தார்கள் என்பதற்கும் விடை இருக்கும். தலைமுறை தலைமுறையாக வருவதாக நம்பிய வழக்கம், ஒரு மாமா ஒரே ஓர் ஆண்டில் செய்த யோசனை என்று தெரியவரும்போது அதன்மேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

புகைப்படங்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பின்புறத்தில் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் பெயரையும் ஆண்டையும் இலேசாக எழுதுங்கள். பசைப்பூச்சுள்ள பக்கங்களில் ஒட்டும் ஆல்பங்கள் காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும் என்பதால், கிழியாமல் வருமானால் எடுத்துவிடுங்கள். வராவிட்டால் அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவு சாதாரணப் படங்களுக்குப் போதும். வாழ்த்து அட்டைகளின் இரு பக்கங்களையும் எடுக்க வேண்டும். பின்பக்கக் கையெழுத்துதான் பெரும்பாலும் ஆண்டைச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் வைத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.

இனி எழுதலாம். வழக்கத்தை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு, பிறகு ஓர் ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் செல்லுங்கள். மூன்றே ஆண்டுகள் தெளிவாகக் கிடைத்தாலும் அவை போதும். அண்ணன் சொல்வதும் நீங்கள் சொல்வதும் மாறுபட்டால், தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் அவரவர் பெயரோடு அடுத்தடுத்து எழுதுங்கள். சண்டை நடந்த கிறிஸ்துமஸையும் பணமில்லாத கிறிஸ்துமஸையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் உயிரோடிருப்பவர் வெளியில் தெரிய விரும்பாததை அவரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், வெற்றிடமாக விட்டு, யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் குறித்துவையுங்கள்.

நோட்டின் பின்பகுதியில் வரப்போகும் கிறிஸ்துமஸ்களுக்கும் பக்கங்களை ஒதுக்கி, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 6, திருக்காட்சி விழாவுக்குள், அந்த ஆண்டு எது மாறியது, யார் வரவில்லை, யார் புதிதாக வந்தார்கள் என்று நிரப்பிவிடுங்கள். குழந்தைகளுக்குத் தனிப் பக்கம் கொடுங்கள்; அவர்கள் எழுதுவதில் எழுத்துப் பிழையையும் திருத்த வேண்டாம், “அப்படி நடக்கவில்லையே” என்று நிகழ்ச்சியையும் திருத்த வேண்டாம்.