மங்கோலியாவில் ஒரு கெர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது எப்படி

போன ஜூலையில் ஆர்ஹங்காய் மாகாணத்தில், தெர்ஹீன் த்சகான் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு மேய்ச்சல் குடும்பத்தின் வீட்டில் தங்கினோம். அங்கே ஒரு பெரியவர் மனம் கோணும்படி நடந்துகொண்டேன். அப்புறம் எங்கள் ஓட்டுநரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா, விமானம், உலான்பாதரில் வண்டி பிடிப்பதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதனால் நேரே வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

வண்டியிலிருந்து இறங்கும் முன்

கெர் என்பது கம்பளிப் படாம் போர்த்திய வட்டக் கூடாரம். பக்கத்தில் அநேகமாக ஒரு பெரிய காவல் நாய் இருக்கும். வண்டிக்குள் இருந்தபடியே "நோஹோய் ஹோர்!" என்று குரல் கொடுங்கள். "நாயைப் பிடியுங்கள்" என்று அர்த்தம். கதவைத் தட்டும் வழக்கம் அங்கே கிடையாது, இந்தக் குரல்தான் வந்திருக்கிறோம் என்று சொல்வது, நாயே இல்லாத வீட்டிலும் இப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தால் இப்போதே இறக்கிவிடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போவதே நல்லது.

உள்ளே போவது

வாசல் தெற்கே பார்த்திருக்கும், உயரம் குறைவு. குனிந்து, வலது காலை வைத்து, வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். நுழைந்ததும் உங்கள் இடது கைப்பக்கம் நடக்க வேண்டும். நடுவில் இருக்கும் அடுப்பு எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கிற மாதிரி, கோயிலில் வலம் வருவோமே, அதே திசை. மேற்குப் பக்கம் விருந்தாளிகளுக்கு, கிழக்குப் பக்கம் சமையல் சாமான்களும் வீட்டுப் பெண்களும். வாசலுக்கு நேர் எதிரே வடக்கில் இருப்பது ஹொய்மோர், சாமி படமும் குடும்பப் புகைப்படங்களும் வைத்திருக்கும் மரியாதைக்குரிய இடம். கூப்பிட்டால் மட்டும் அங்கே உட்காருங்கள்.

கூரையைத் தாங்கும் இரண்டு தூண்கள் நடுவில் நிற்கும். அவற்றுக்கு இடையே புகுந்து போகாதீர்கள், சாய்ந்து நிற்காதீர்கள், இடையே கையை நீட்டிப் பொருள் கொடுக்கவும் வேண்டாம். அடுப்பு நெருப்பில் குப்பையோ தண்ணீரோ போடக் கூடாது, காலை அதன் பக்கம் நீட்டவும் கூடாது. உள்ளே விசில் வேண்டாம். யார் காலையாவது தெரியாமல் மிதித்துவிட்டால் உடனே அவர் கையைப் பிடித்துக் குலுக்குங்கள். நாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போலத்தான் அது.

மூக்குப்பொடிக் குப்பி

நான் தடுக்கிய இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உட்கார்ந்து நலம் விசாரித்ததும் பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு பட்டுப்பையை எடுத்தார், அதற்குள்ளிருந்து வழுவழுப்பான கல்லில் செய்த சின்னக் குப்பி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே மூக்குப்பொடி என்று தெரிந்ததும், புகையிலைப் பழக்கம் எனக்கு இல்லையே என்று கையை அசைத்து வேண்டாம் என்றுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் இறுகிவிட்டது. பொடி போடுகிறாயா என்று அவர் கேட்கவே இல்லை, வணக்கம் சொன்னார், நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இது எனக்குப் புரிய அன்று ராத்திரி ஆனது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வலது உள்ளங்கையை விரித்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, குப்பியை வாங்குங்கள். மூடி லேசாகத் திறந்திருக்கும். பொடி போடுகிறவர் மூடியோடு இருக்கும் குட்டிக் கரண்டியால் துளி எடுத்துப் போடலாம். பழக்கம் இல்லாதவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தால் போதும். கல்லின் அழகை ஒரு நிமிஷம் பாருங்கள், பல வீடுகளில் அது அப்பா தாத்தா வழியாக வந்த சொத்து. பிறகு அதே மாதிரி வலது கையால் திருப்பிக் கொடுங்கள், மூடியை இறுக்கி மூடிவிடாதீர்கள்.

தேநீர், ஐரக், வோட்கா

குப்பி விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான்: மறுக்காமல் வலது கையால் வாங்கி, உதட்டில் பட வைத்து, முடியாவிட்டால் கீழே வைத்துவிடலாம். முதலில் சூத்தேய் த்சாய் வரும், உப்புப் போட்ட பால் தேநீர். டீ என்று நினைத்துக் குடித்தால் முதல் வாய் தூக்கிவாரிப் போடும், கஞ்சி என்று நினைத்துக் குடித்துப் பாருங்கள், பிடித்துவிடும். கோடையில் ஐரக் கிண்ணம் கிண்ணமாக வரும், புளிக்கவைத்த குதிரைப்பால், லேசான போதை உண்டு. தோல்பையில் ஊற்றி 500 தடவைக்கு மேல் கடைந்து செய்வார்கள், 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கைவேலை இது. பழகாத வயிற்றுக்கு முதல் நாள் அரைக் கிண்ணம் போதும்.

வோட்கா வந்தால் வலது கை மோதிர விரலை அதில் தொட்டு, வானத்துக்கும் பூமிக்கும் என்று மேலே சுண்டித் தெளியுங்கள். குடிக்காதவர்கள் தெளித்துவிட்டு உதட்டில் வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

கையில் என்ன கொண்டு போவது

மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாதீர்கள், ஊரைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வேண்டிய பத்து வாக்கியங்களை மங்கோலிய மொழியில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் எனக்குக் கடைசி வரை உதவியது. பரிசாகத் தேயிலை, பழங்கள், நல்ல டார்ச் லைட் கொண்டு போகலாம், இரண்டு கையாலும் கொடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் மட்டும் அள்ளிக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, பல் டாக்டர் பக்கத்தில் இல்லாத ஊர், படம் வரையும் நோட்டும் கலர் பென்சிலும் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கோடையில் போங்கள். அப்போதுதான் பால் பண்டங்கள் நிறையக் கிடைக்கும்: ஆரூல் என்ற காய்ந்த தயிர்க்கட்டி, ஒரொம் என்ற கெட்டிப் பாலாடை. "பி மஹ் இத்தெக்குய்" என்றால் நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. இதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி, வீட்டுக்காரர்களிடம் அவரைச் சொல்லச் சொல்லுங்கள், சமைத்து வைத்த பிறகு சொல்வது அவர்களுக்கு வருத்தம். சில வீடுகளில் தேநீரிலேயே இறைச்சிக் கொழுக்கட்டை போட்டிருக்கும், கிண்ணத்தைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

இன்னொன்று: இடது கைப் பழக்கம் உள்ள ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாப்பிடுவது எந்தக் கையாலும் இருக்கட்டும், வாங்குவதும் கொடுப்பதும் வலது கை அல்லது இரண்டு கை.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு: த்சகான் சார் என்ற சந்திரப் புத்தாண்டு சமயமென்றால் வணக்கம் வேறு மாதிரி. இளையவர் இரண்டு உள்ளங்கையையும் மேல்நோக்கி விரித்து, பெரியவரின் முழங்கைகளுக்கு அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். யார் மூத்தவர் என்று சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள், வயதைக் கேட்பது அங்கே தப்பில்லை. கணவன் மனைவி தங்களுக்குள் இதைச் செய்துகொள்வதில்லை.