மடக்கு சைக்கிளோடு ரயில் ஏறுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயில் அதிக நேரம் நிற்காது. கதவு திறந்து மூடுவதற்குள் ஏறியாக வேண்டும். கையில் ஒரு பெட்டி மட்டும் இருந்தால் கவலையில்லை. 12 கிலோ சைக்கிள் இருந்தால் அந்தச் சில விநாடிகளுக்கு வீட்டிலேயே தயாராக வேண்டும்.

முதல் தடவை கோலாலம்பூருக்குப் போனபோது நான் தயாராக இல்லை. பிளாட்பாரம் வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன். ரயில் வரும் அறிவிப்பு கேட்டதும் அவசரமாக மடக்கினேன். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் காந்தம் சரியாக ஒட்டவில்லை, நான் கவனிக்கவும் இல்லை. இருக்கைகளுக்கு நடுவே தூக்கிக்கொண்டு போகும்போது முன்சக்கரம் விரிந்து, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் கணுக்காலில் இடித்துவிட்டது. "பரவாயில்ல தம்பி" என்றார். ஆனால் ஈப்போ வரும்வரை அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். இன்றுவரை அது மனதை உறுத்துகிறது. இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

ஆகவே முதல் தவறு, பிளாட்பாரத்தில் மடக்குவது. ஸ்டேஷன் வாசலிலேயே மடக்கிவிடுங்கள். இரட்டைத் தண்டவாளம் போட்டபோது கட்டிய ஸ்டேஷன்களில் பெரும்பாலும் மேம்பாலம் ஏறித்தான் அடுத்த பக்கம் போக வேண்டும். லிஃப்ட் பழுதாக இருந்தால் படியில் தூக்க வேண்டியதுதான். அரை மணி நேரம் முன்னதாகப் போவது இதற்காகத்தான். வாங்கிய புதிதில் வீட்டு ஐந்தடியில் (வாசல் நடைபாதையில்) ஒரு பத்துப் பதினைந்து தடவை மடக்கி விரித்துப் பழகுங்கள். பார்க்காமலே கை போகிற அளவுக்குப் பழகிய பிறகு ரயிலுக்கு வாருங்கள்.

காந்தத்தையும் பிளாஸ்டிக் கொக்கியையும் மட்டும் நம்பக் கூடாது. ரயில் பிரேக் போடும்போது அவை விட்டுப்போகலாம். மோட்டார் கடையில் பழைய டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு கட்டு, ஹேண்டலைச் சட்டத்தோடு சேர்த்து இன்னொரு கட்டு. கடையில் விற்கும் பட்டைகளைவிட இந்த ரப்பர் நன்றாக இறுக்கிப் பிடிக்கிறது. ரப்பர் மரத்தில் பிழைத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

அடுத்தது, "மடக்கினால் சின்னதாகிவிடும்" என்ற நினைப்பு. 20 அங்குலச் சக்கர சைக்கிளை மடக்கினாலும் ஏறக்குறைய 80 செ.மீ. நீளம், 65 செ.மீ. உயரம், 30 முதல் 40 செ.மீ. அகலம் வரும். பெரிய சூட்கேஸ் மாதிரிதான். தலைக்கு மேலுள்ள தட்டில் அது நிற்காது, அங்கே ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம். விழுந்தால் கீழே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிராம்ப்டன் போல 16 அங்குலச் சக்கர வகைகள் சில ஏறக்குறைய 60 செ.மீ.க்கு அடங்கும். அதிகம் ரயிலில் போகிறவர் என்றால் விலையையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன் இந்த அளவைப் பாருங்கள். டேப் வைத்து அளந்து, எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே பெட்டியின் ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்து இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். சாமான் வைக்கும் இடமும் பக்கம், சைக்கிளும் கண்ணில் இருக்கும். வாசலை அடைத்து நிறுத்திவிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற அம்மா அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்புறம் சைக்கிள் காணாமல் போனாலும் யாரையும் கேட்க முடியாது.

உறை போடாமல் கொண்டுபோவது பெரிய தவறு. தோட்டத்துச் செம்மண் டயரில் ஒட்டியிருக்கும், செயினில் கறுப்பு எண்ணெய் இருக்கும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிறவரின் பட்டுப் புடவையில் அது பட்டால் எந்த மன்னிப்பும் போதாது. தையல் கடையில் கொடுத்து, கித்தான் துணியில் சுருக்குப் பை தைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்குப் பழைய படுக்கை விரிப்பும் போதும். செயின் உள்ள பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். உறைக்குள் இருக்கும்போது அது எல்லாருக்கும் ஒரு சாமான் மூட்டைதான், முகம் சுளிக்கிறவர்கள் குறைவு.

"போன மாதம் விட்டார்கள், இந்த மாதமும் விடுவார்கள்" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இ.டி.எஸ். வேறு, இருக்கை எண் இல்லாத புறநகர் ரயிலான கொமுட்டர் வேறு, கோலாலம்பூருக்குள் மாறி ஏறும் எம்.ஆர்.டி.யும் எல்.ஆர்.டி.யும் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி விதி. டிக்கெட் எடுக்கும் முன் கவுண்டரில், "பாசிக்கல் லிப்பாட், போலே பாவா?" (மடக்கு சைக்கிள் கொண்டுபோகலாமா?) என்று மலாயில் கேட்டுவிட்டால் முடிந்தது. மின்சார மடக்கு சைக்கிளை இதோடு சேர்க்காதீர்கள். எடையும் கூடுதல், பேட்டரியும் உண்டு, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இருக்கைக்குப் பக்கத்து பிளக்கில் அந்தப் பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது.

தீபாவளி, தைப்பூசம், சீனப் புத்தாண்டு, ஹரி ராயா நாட்களில் சைக்கிளை வீட்டிலேயே விடுங்கள். ஊர் திரும்புகிறவர்களின் பெட்டிகளுக்கே அன்று இடம் இருக்காது.

இறங்கிய பிறகு நடக்கும் தவறுகளைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. என் விருப்பமான பயணத்தையே சொல்கிறேன். இங்கிருந்து வடக்கே ரயிலில் கோலகங்சார் தாண்டி, மலைக்குள் பெராப்பிட் சுரங்கம் வழியாகத் தைப்பிங். அங்கே இறங்கி சைக்கிளில் கோல செப்பெத்தாங், சுமார் 16 கிலோமீட்டர். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885-ல் இந்த நாட்டின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்குக்கும் அந்தத் துறைக்கும் இடையேதான். அந்தத் தண்டவாளம் இப்போது இல்லை, சாலை இருக்கிறது. வழியில் அலையாத்திக் காட்டு மரத்தை எரித்துக் கரி எடுக்கும் சூளைகளைப் பார்க்கலாம்.

தைப்பிங் ஸ்டேஷன் வாசலில் விரித்தவுடன் ஏறி மிதிக்காதீர்கள். நடுச்சட்டத்துக் கீலின் பூட்டு முழுதாக விழுந்திருக்கிறதா, ஹேண்டல் தண்டின் நெம்புகோல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் தளர்வு கையில் தெரிந்துவிடும். சீட் தண்டில் உங்கள் உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டிவைத்தால் ஒவ்வொரு முறையும் தடுமாற வேண்டாம். தண்டிலேயே ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. பிளஸ் என்ற கட்டண விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய சாலைதான். அங்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரும். பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

மாற்று டியூப் எடுத்துப் போவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான 20 அங்குல மடக்கு சைக்கிளின் சக்கர விளிம்பு 406 மி.மீ. குறுக்களவு. அது பி.எம்.எக்ஸ். சைக்கிள் அளவு, எந்தச் சிற்றூர்க் கடையிலும் டியூப் கிடைக்கும். அதே 20 அங்குலம் என்ற பெயரிலேயே 451 மி.மீ. விளிம்பும் உண்டு, அது அவ்வளவு எளிதில் கிடைக்காது. பிராம்ப்டனின் 16 அங்குலம் 349 மி.மீ., சின்னப் பிள்ளைகளின் 16 அங்குலம் 305 மி.மீ. பெயர் ஒன்றுதான், அளவு வேறு. டயரின் பக்கவாட்டில் அந்த எண் அச்சாகியிருக்கும், பார்த்து வாங்குங்கள். வால்வு மோட்டார் டியூப் மாதிரி தடித்ததாக இருந்தால் பெட்ரோல் நிலையத்திலேயே காற்று அடித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் மாலை மழையும் கணக்கில் வேண்டும். கோல செப்பெத்தாங்கிலிருந்து மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். தைப்பிங் ஸ்டேஷனில் ஒரு பழைய துணியால் சக்கரத்தைத் துடைத்து, மடக்கி, ரப்பர் கட்டி, பையில் போட்டு உட்கார்ந்தால் ரயில் வரும்வரை தேநீர் குடிக்க நேரம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கடலோரத்து உப்புச் சேற்றை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். காலைக்கு என்று விட்டால் துரு பிடித்துவிடும்.